தேர்வு என்பதற்கு இரண்டு சைகை

ஜூன் 12

அன்புள்ள கட்டெறும்புக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமா? மணிக்கட்டு வீக்கம் வற்றியதா? எனக்கு முழங்கால்தான் படியேறும்போதெல்லாம் முனகுகிறது.

புது வேலையில் சேர்ந்துவிட்டேன். காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளர். வகுப்பில் பதினோரு பேர். உயிரியல் வாத்தியார் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார், நான் பக்கத்தில் நின்று கையால் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து காது கேட்காத உன்னோடு இருபத்தைந்து வருஷம் கையால் பேசியவளுக்கு இது என்ன பெரிய வேலை என்று மிதப்பாகப் போனேன். முதல் வாரமே பரிணாமம் என்று ஒரு பாடம் வந்து என்னை உட்கார்த்திவிட்டது.

சொற்கள் காதில் விழுகின்றன, கையில்தான் ஒன்றும் இல்லை. 'சடுதிமாற்றம்' என்று எழுத்து எழுத்தாக விரலில் காட்டி முடிப்பதற்குள் வாத்தியார் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். சடுதி என்றால் திடீர் என்றுதானே அர்த்தம் என்று 'வேகமாக மாறு' எனக் காட்டினேன். உடனே ஒரு பெண் எழுந்து, முடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு கரடியாக மாறி உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. வாத்தியாருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

உனக்கு எதையும் கையால் பிடித்துக் காட்டத் தெரியும். எனக்குச் சைகை கண்டுபிடித்துக் கொடு. பரீட்சை மார்ச்சில்.

எப்போது வருகிறாய்? அம்மா போனபோது வந்தது, நாலு வருஷம் ஆகிறது.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா

*

ஜூலை 1

அன்புள்ள ஓட்டைவாய் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மணிக்கட்டு பரவாயில்லை. முழங்காலுக்கு ஒரு செருப்பு செய்து அனுப்புகிறேன், தட்டைக் குதிகால், உள்ளே மெத்து. அழகாக இருக்காது, போட்டுக்கொள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் பாடப்புத்தகத்தை வாங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் உட்கார்ந்து படிக்கிறேன். அக்கா, கரடியாக மாறிய அந்தப் பெண் மேல் தப்பில்லை, உன் கை மேல்தான் தப்பு. யாரும் உட்கார்ந்த இடத்தில் மாறுவதில்லை. இடது கையை விரித்துப் பிடி. வலது கை அதைப் பார்த்து நகல் எடுக்கட்டும், அதே மாதிரி விரியட்டும், ஆனால் ஒரு விரல் மட்டும் கோணிக்கொள்ளட்டும். அடுத்த நகலிலும் அந்த விரல் கோணியபடியே வரும். இதுதான் சடுதிமாற்றம்.

'வேறுபாடு' என்பதற்குச் சைகையே வேண்டாம், என் பட்டறைக்கு வந்தால் போதும். கால் கோணியவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள், எல்லோருக்கும் அளவெடுத்துச் செருப்பு செய்கிறோம். ஆறு வருஷமாகச் சுண்ணாம்பு மாவில் கால் அச்சு எடுக்கிறேன். ஒருவருடைய இரண்டு காலே ஒன்றுபோல் இருந்து நான் பார்த்ததில்லை.

எச்ச உறுப்புகள் என்ற பக்கத்தில் காது மடலை ஆட்டும் தசையும் இருக்கிறது. மனிதனுக்கு அது வீண் என்று போட்டிருக்கிறார்கள். எனக்குக் காது நன்றாக ஆடும், உனக்குத் தெரியும். என் காதுக்கு அந்த ஒரு வேலையாவது தெரிகிறதே.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பட்டறையில் வேலை அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கட்டெறும்பு

*

ஜூலை 12

என் செல்லக் கட்டெறும்புக்கு,

செருப்பு வந்தது. தலைமையாசிரியை என் காலையே பார்க்கிறார், எனக்கு அதில் ஒரு பெருமை. உன் கை எப்படி? ஊசி குத்துகிற வேலையைக் கொஞ்ச நாள் வேறு யாரிடமாவது கொடேன்.

கோணல் விரல் ஒரே நாளில் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு வரிசையில்கூட ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள்.

இந்த வாரம் 'பொது மூதாதை'. நான் தடி ஊன்றிய தாத்தாவைக் காட்டினேன். குரங்குப் படத்தைக் காட்டி ஒருவன், அம்மா வழித் தாத்தாவா அப்பா வழித் தாத்தாவா என்று கேட்டான்.

அதற்கு அடுத்த பாடத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரே இனமாக இருந்த கூட்டத்தை ஆறோ மலையோ இரண்டாகப் பிரிக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மாதிரி மாறுகிறது, இந்தப் பக்கம் வேறு மாதிரி. பிறகு என்றாவது எதிரெதிரே வந்து நின்றாலும் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது. இதை வாத்தியார் சொல்லச் சொல்லக் காட்டிக்கொண்டிருந்தபோது, போன தடவை நீ வந்தபோது தண்ணீர் கேட்டது ஞாபகம் வந்தது. கன்னத்தில் இரண்டு விரலை வைத்துக் கேட்டாய். எனக்குப் புரியவில்லை. அது உங்கள் ஊர்ச் சைகையாம். நம் வீட்டில் தண்ணீருக்கு அப்படியா கேட்போம்?

பாடத்துக்கு நடுவில் கையை இறக்கிவிட்டேன். பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போ. உன் சைகை எனக்கு மறந்துபோய்க்கொண்டிருக்கிறது.

உன்னை நினைத்தபடி,
அக்கா

*

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே வேண்டும். அழுமூஞ்சித்தனமாக எழுதாதே.

இனம் பிரிய ஆயிரக்கணக்கான தலைமுறை ஆகுமாம். நாலு வருஷத்தில் ஒன்றும் பிரிந்துவிடாது. பாடத்தை நீயே சரியாகக் கேட்பதில்லை.

குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. இரண்டு முழங்கையையும் ஒன்றாகச் சேர்த்து வை, கைகள் மட்டும் கிளையாக விலகட்டும். ஒரு கை நாம், ஒரு கை குரங்கு. பொது மூதாதை கீழே, முழங்கை சேரும் இடத்தில். அந்த இடத்தை மோவாயால் சுட்டு. இதைப் பார்த்தால் அம்மா வழியா அப்பா வழியா என்று யாரும் கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன், 'பங்காளி என்றால் சொத்துச் சண்டைக்கு வருமா?' என்று கேட்டார்.

தண்ணீர் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ மூன்று தடவை முழித்தாய், நானே எழுந்துபோய் எடுத்துக் குடித்தேன். இங்கே ஆறு வருஷம் இந்தச் சைகைதான். வீட்டுச் சைகை பேச எனக்கு இங்கே ஆள் கிடையாது. எப்போதாவது கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பேன். இதை எழுதியிருக்க வேண்டாம், எழுதிவிட்டேன்.

மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.
கட்டெறும்பு

*

ஆகஸ்ட் 8

அன்புத் தங்கைக்கு,

நலம் விசாரித்து நீட்ட நேரமில்லை, மன்னித்துக்கொள். உடனே பதில் போடு.

இன்று 'இயற்கைத் தேர்வு'. வாத்தியார் வழக்கம்போல் பலகையைப் பார்த்துக்கொண்டு தேர்வு, தேர்வு என்று அடுக்கினார். என் கை தானாக உள்ளங்கையில் பேனா ஓட்டியது. இயற்கை வைக்கும் பரீட்சை. பாடம் முழுக்க அப்படியே காட்டியிருக்கிறேன். தேறியவை பிழைக்கும், தேறாதவை அழியும்.

மணிக்குப் பதில் வைத்திருக்கும் விளக்கு எரிந்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். கரடியாக மாறினாளே, அந்தப் பெண் மட்டும் போகவில்லை. என் முன்னால் வந்து நின்று, தன் காதைத் தொட்டாள், வகுப்பு முழுவதையும் சுட்டினாள். பிறகு உள்ளங்கையில் பேனா ஓட்டி, கட்டை விரலைக் கீழே கவிழ்த்தாள். 'அந்தப் பரீட்சையில் நாங்கள் பெயிலா?'

பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள், தெரிந்த பதிலைக் கேட்டுவிட்டுப் போகிற மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன சொல்ல?

அக்கா

*

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

சௌக்கியமெல்லாம் அப்புறம். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அவளிடம் போய்ச் சொல். இயற்கை பரீட்சை வைக்கவில்லை. கேள்வித்தாள் கிடையாது, திருத்த ஆள் கிடையாது, பெயில் கிடையாது. தேர்ந்தெடுக்கக்கூட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காது கேட்கிறவர்கள் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, புரியாதது நம் குற்றம் என்பார்கள்.

அந்தப் பேனாவைத் தூக்கிப் போடு. இடது கை விரலை விரித்துச் சல்லடையாகப் பிடி. வலது கை விரல்கள் மேலிருந்து வரட்டும். சில நழுவி விழும், சில நிற்கும். நின்றவை பெருகும். பிறகு சல்லடை விரலை அகட்டிக் காட்டு, நெருக்கிக் காட்டு. இடம் மாறினால் ஓட்டை மாறும். நேற்று விழுந்தது இன்று நிற்கும்.

'தக்கது பிழைக்கும்' என்று ஒரு வரி வரும், அங்கேயும் கோட்டை விட்டுவிடாதே. தக்கது என்றால் உயர்ந்தது இல்லை, பொருந்துவது. எந்தக் கால் நல்ல கால் என்று பட்டறையில் யாராவது கேட்டால் எந்தத் தரைக்கு என்று திருப்பிக் கேட்பேன். எங்கள் அறையில் தேய்க்கும் இயந்திரம் ஓடும்போது காது கேட்கிற நாலு பேரும் ஊமை. நானும் என் வீட்டுக்காரரும்தான் அரட்டையடித்துக்கொண்டிருப்போம். இதை அவளிடம் அப்படியே சொல்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தேர்வு என்று காதில் விழுந்தால் உன் கை யோசிக்காமல் பேனாவை எடுக்கிறது. சொல்லைக் கேட்கிறாய், சொல்கிறவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பதில்லை.

கட்டெறும்பு

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது.

நீ சொன்னபடியே சொன்னேன். வாத்தியாரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, நடந்தது என் தவறு என்று முதலில் சொன்னேன். சல்லடையைக் காட்டினேன். இயந்திர அறைக் கதையைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். பிறகு தானே எழுந்து வந்து, என் இடது கை விரல்களைப் பிடித்து அகட்டினாள். தலைமையாசிரியை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பு நன்றாக இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கொன்றும் இல்லை, உனக்குத்தான் என்னமோ ஆகியிருக்கிறது. கடிதம் இவ்வளவு குட்டையாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்காமல் முடித்த முதல் கடிதமும் இதுதான். நான் எழுதியது உறைத்துவிட்டதா? உறைத்தால் உறைக்கட்டும், அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

சரி, கேள். பட்டறையில் லீவு சொல்லிவிட்டேன். டிசம்பர் பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாச்சு. எனக்கு மட்டும், பத்து நாள். வீட்டுச் சைகையில் பத்து நாள் பேசித் தீர்க்க வேண்டும் எனக்கு. கை வலித்தாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணையும் பார்க்க வேண்டும். முன் அறை ஜன்னல் கதவைச் சரி செய்து வை, நான் அங்கேதான் படுப்பேன்.

சந்தோஷமாக இரு.
உன் கட்டெறும்பு

*

செப்டம்பர் 15

என் தங்கைக்கு,

நீ வருகிறாய் என்று படித்ததும் உட்கார்ந்து அழுதேன். ஜன்னலையும் சரி செய்துவிட்டேன். ஆனால் இதைச் சொல்லாமல் உன்னை அந்த அறையில் படுக்க வைக்க என்னால் முடியாது.

உனக்குப் பத்தொன்பது வயதில் வரைகலைப் பள்ளிக்கு நேர்முகத்துக்குப் போனோம். நீ உன் படங்களை மேஜையில் பரப்பினாய். மூக்குக் கண்ணாடி போட்ட அந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். என்ன சொன்னார் என்பது இன்று வரை அப்படியே என் காதில் இருக்கிறது. "உங்க தங்கச்சி தேர்வாயிட்டாங்கம்மா. பதினஞ்சாம் தேதிக்குள்ள கூட்டிட்டு வந்து சேர்த்துடுங்க. தனியா கடிதம் எதுவும் வராது."

தேர்வு என்று கேட்டதும் என் கை பேனாவை எடுத்தது. நீ உடனே, 'இன்னொரு பரீட்சையா?' என்று கேட்டாய். முகமெல்லாம் வெளிச்சமாகக் கேட்டாய், என்றைக்கு என்று. அதற்குள் அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கிவிட்டது. திருத்தியிருக்க வேண்டும். நான் 'தேதி கடிதத்தில் வரும்' என்று காட்டினேன். முதல் சைகை தவறு, இரண்டாவது பொய்.

பதினைந்தாம் தேதி வந்தது, போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்கு உன்னோடு பேச நான் வேண்டும், 'அக்கா, நீ போய்விட்டால் அம்மா என்னோடு எப்படிப் பேசுவாள்?' என்று நீ அடிக்கடி கேட்பாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வீட்டில் எனக்கும் பேச உன்னை விட்டால் யாரும் இல்லை. வாயால் நாள் முழுக்கப் பேசுவேன், ஒன்றும் சொன்ன மாதிரி இருக்காது. நீ போய்விட்டால் நான் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நீ ஆறு வருஷம் கழித்துப் போகத்தான் செய்தாய், நான் சாகவில்லை.

வராதே என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு வா.

அக்கா

*

நவம்பர் 4

தங்கைக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை, இருந்தாலும் கேட்கிறேன். ஏழு வாரமாகத் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டியே போகிறார்.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். தலைமையாசிரியை நம் பிள்ளைகளின் சைகைகளைப் படம் பிடித்துக் கல்வித் துறைக்கு அனுப்பினார். அவர்கள் அறிவியலுக்கு ஒரு சைகை அகராதி போடப் போகிறார்கள். இதையெல்லாம் யார் உண்டாக்கியது என்று கேட்டார்கள். "நான் இல்லை. என் தங்கச்சி" என்று சொல்லி உன் விலாசத்தைக் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்தது தப்பென்றால் திட்டு. அவர்கள் உனக்கு நேரடியாக எழுதுவார்கள். நடுவில் நான் இல்லை.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

டிசம்பர் 10

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இன்று நான் உன் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தபிறகு மூன்று நாள் பட்டறைக்குப் போகவில்லை. அந்த வருஷத்தை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அந்தப் பரீட்சைக்காகத் தினமும் வரைந்தேன். வாளி, நாற்காலி, அம்மாவின் கை, உன் கை. கடிதம் வந்ததா என்று தினமும் உன்னைக் கேட்டேன். இல்லை என்றாய், அது பொய்கூட இல்லை. எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தாயே அக்கா. இல்லாத பரீட்சைக்கு உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாய். மற்றதைக்கூட என்னால் விழுங்க முடியும், இதை முடியவில்லை.

என் வீட்டுக்காரர் என்னைத் தேற்றப் பார்த்தார். அந்தப் பள்ளிக்குப் போயிருந்தால் இந்தப் பட்டறைக்கு வந்திருக்க மாட்டாய், என்னைப் பார்த்திருக்க மாட்டாய், எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார். நான் உன் பாடத்தைத்தான் அவருக்குச் சொன்னேன். குகைக்குள் இருக்கும் மீனுக்குக் கண் போனது எதற்காகவும் இல்லை. போனபிறகு அது பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான். நான் இங்கே நன்றாக இருக்கிறேன், அதனால் நீ செய்தது நல்லதாகிவிடாது.

இப்போதைக்கு எழுதாதே.

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ அனுப்பிய அட்டை வந்தது. 'கடிதம் கிடைத்தது' என்று இரண்டே வார்த்தை. அதற்கு மேல் சமாதானம் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். நீ எழுதவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது?

கல்வித் துறையிலிருந்து எழுதியிருக்கிறார்கள். அகராதிக்குச் சைகை உண்டாக்கவும் படம் வரையவும் ஒரு வருஷத்துக்கு ஆள் வேண்டுமாம். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தரைக்கு, உன் பள்ளியில், தலைமையாசிரியை அறையில் நேர்முகம். வேறு ஆறு பேரும் வருகிறார்கள். கிடைத்தால் அந்த ஒரு வருஷம் அங்கேதான் வேலை. என் வீட்டுக்காரர் போ என்கிறார், மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பாராம்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. நேற்று பட்டறையில் ஒரு வேடிக்கை நடந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன், உன்னிடம் சொல்வதற்காகக் கையைத் தூக்கிவிட்டேன். பக்கத்தில் நீ எங்கே இருக்கிறாய்? தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபமும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வருகிறேன்.

நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் யார் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நீயாக இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். வேறு ஒருவர் வருவார். கதவை மூடிவிடுவார்கள், நீ உள்ளே வர வேண்டாம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திரு. எவ்வளவு நேரமானாலும் எழுந்து போகாதே. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் வெளியே வந்து உனக்குச் சொல்கிறேன்.

தங்கை